அடுப்பு எரியாத சனிக்கிழமை

1

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில், மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில், ஒரு சின்னத் திரை மாட்டியிருக்கிறேன். வேறொன்றுமில்லை, பழைய டேப்லெட்தான். மகள் இனியா கீழே போட்டு மூலையில் கீறல் விழுந்ததும், தூக்கிப்போட மனம் வராமல் நானே ஒரு மரச்சட்டம் அறுத்து, அதற்குள் பொருத்திச் சுவரேற்றிவிட்டேன். திரையின் இடது பாதி நெதர்லாந்து. வலது பாதி சின்னமனூர்.

இடது பாதியில் நாங்கள் குடியிருக்கும் ஐந்தோவன் வீட்டின் நிலவரம் ஓடும். துணி துவைத்து முடிந்ததா, சைக்கிள் கொட்டகை பூட்டியிருக்கிறதா, எந்த அறையில் ஹீட்டர் வீணாக ஓடுகிறது, நாளைக்கு எந்தக் குப்பைத் தொட்டியை வாசலில் வைக்க வேண்டும். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். இங்கே காய்கறிக் கழிவுக்கு ஒரு தொட்டி, காகிதத்துக்கு ஒன்று, பிளாஸ்டிக்குக்கு ஒன்று, மிச்சத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு கிழமை. மாற்றி வைத்தால் வண்டிக்காரர் தொட மாட்டார், நகராட்சியிலிருந்து கடிதம் வரும். அந்தக் கடிதத்தில் ஒரே வார்த்தை முக்கால் வரிக்கு நீண்டு கிடக்கும். அதை வெட்டிப் பிரித்துப் பொருள் கண்டுபிடிப்பதற்குள் அடுத்த வாரக் குப்பை சேர்ந்துவிடும். அதனால் முந்தின நாள் சாயங்காலமே ஸ்பீக்கர் சத்தமாக அறிவிக்கும்படி செய்து வைத்திருக்கிறேன்.

எனக்கு இது பிழைப்பு இல்லை, பொழுதுபோக்கு. பிழைப்புக்கு ஒரு மருத்துவக் கருவிக் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். மற்றப் பெண்கள் புடவை வாங்குவது போல நான் சென்சார் வாங்குவேன். என் கணவர் முரளிக்கு இதில் நிறைய வருத்தம். ஒருமுறை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அப்டேட் ஓடி, குளியலறை விளக்கு அணைந்துவிட்டது. சோப்பு நுரையோடு உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. "சுவிட்சைத் தட்டினா லைட் எரியணும். வாழ்க்கையில நான் கேட்டது அவ்வளவுதான்."

நியாயமான கோரிக்கைதான். இன்னும் முழுதாக நிறைவேற்றிக் கொடுக்கவில்லை.

2

வலது பாதி என் அப்பாவுக்காக. அப்பா சின்னமனூரில் வாழைக்காய் கமிஷன் மண்டி வைத்திருந்தவர். மண்டியை விட்டு வருஷங்கள் ஆகிவிட்டன. குரல் மட்டும் இன்னும் ஏலம் விடுகிற குரல். அம்மா போனதும் அண்ணன் பாண்டி அவரைக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனான். அண்ணன் வீடு ஒன்பதாவது மாடி. அப்பா ஒரு மாதம் தாக்குப்பிடித்துவிட்டு, ஒரு நாள் காலையில் பையோடு பஸ் ஏறிவிட்டார். சின்னமனூர் வந்து சேர்ந்த பிறகுதான் போன் செய்தார்.

"கீழ எறங்குனா ஒரு பயலையும் தெரியல. மேல ஏறுனா பேச ஒரு பய இல்ல. நடுவுல லிப்டுக்குள்ளயா குடும்பம் நடத்துறது?" என்றார்.

அண்ணனுக்குக் கோபம். எழுபத்தைந்தை நெருங்குகிற மனுஷன், சர்க்கரை இருக்கிறது, ராத்திரி விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது என்றான். அவன் கேட்டதில் தப்பே இல்லை. அங்கேதான் நான் நுழைந்தேன். வீட்டில் சென்சார் வைக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அண்ணன் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டான். "சரி. ஆனா மொத தடவை ஏதாவது ஆச்சுன்னா, அதோட நான் கூட்டிட்டு வந்துருவேன். அப்புறம் நீயும் பேசக்கூடாது, அப்பாவும் பேசக்கூடாது." நாங்கள் இருவரும் தலையாட்டினோம்.

அப்பாவும் ஒரு நிபந்தனை வைத்தார். கேமரா கூடாது. "வீட்டுக்குள்ள கேமரா வைக்க நான் என்ன நகைக்கடையா? வேட்டிய அவுத்துக் கட்டக்கூட யோசிக்கணுமாக்கும்?" ஆகவே கண்ணில்லாத சாமான்களாகப் பார்த்து வாங்கினேன். அடுப்பு மேடைக்கு மேலே சூடு பார்க்கிற சென்சார். பிரிட்ஜ் கதவில் ஒன்று. வாசல் கதவில் ஒன்று. டிவிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மின்சாரத்தை அளக்கும் பிளக்குகள். மாடித் தொட்டியில் தண்ணீர் மட்டம் காட்டும் ஒரு குச்சி. ஒரு லீவு முழுவதும் ஏணியிலேயே நின்றேன்.

அதில்கூடக் கஷ்டமில்லை. இன்டர்நெட் இணைப்பு வாங்குவதில்தான் நாக்குத் தள்ளிவிட்டது. வீட்டில் ஏற்கெனவே இருந்த இணைப்பு அம்மா பெயரில் இருந்தது. பெயர் மாற்ற அம்மாவே நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் கவுண்டரில் இருந்த பையன். அம்மா இறந்துவிட்டார் என்றேன். "அப்ப அவங்க போனுக்கு ஒரு ஓடிபி வரும் மேடம், அதைச் சொல்லச் சொல்லுங்க," என்றார். அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் ஓட ஆரம்பித்த பிறகு எனக்குக் கிடைத்த நிம்மதியைச் சொல்லி முடியாது. காலையில் ஐந்தோவனில் காபி கலக்கும்போது திரையைப் பார்ப்பேன். அப்பா எப்போதோ எழுந்திருப்பார். அடுப்பு எரிந்து அணைந்திருக்கும். மோட்டார் ஓடியிருக்கும். செய்தி பார்த்து முடித்திருப்பார். பிறகு போன் போட்டு, "என்னப்பா, நேத்து ரெண்டு தடவை மோட்டார் ஓடியிருக்கு? தொட்டி ஒழுகுதா?" என்று கேட்பேன். "தெக்குத் தெருவுல தண்ணி வரல, நாலு குடம் குடுத்தேன்," என்பார். "பிரிட்ஜ் ராத்திரி திறந்தே இருந்துச்சுப்பா?" "சரியாச் சாத்தல." இப்படிப் போகும் எங்கள் பேச்சு.

3

பக்கத்து வீட்டு மிரியம் எழுபது தாண்டிய விதவை. அப்பாவைப் பற்றி அவரிடம் சொல்லப்போய் ஒரு கூத்து நடந்தது. டச்சு மொழியில் தனியாக இருப்பதற்கு 'ஆலேன்' என்பார்கள். தனிமையில் வாடுவதற்கு 'ஏன்ஸாம்' என்பார்கள். நான் அவசரத்தில் இரண்டாவதைச் சொல்லிவிட்டேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் ஒரு ஆப்பிள் கேக் செய்து, இதை உங்கள் அப்பாவுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டுக்கொண்டு வந்தார். தப்பை விளக்க எனக்கு டச்சு போதவில்லை. கேக்கை நாங்களே சாப்பிட்டோம், அப்பா ரசித்துச் சாப்பிட்டதாகச் சொல்லிவைத்தேன்.

எனக்குப் போதாத டச்சு இனியாவுக்குத் தாராளமாகவே இருக்கிறது. அவளுக்குப் பதினான்கு வயது. நான் தமிழில் கேட்டால் அவள் டச்சில் பதில் சொல்வாள். வற்புறுத்தினால் 'ம்' என்பாள்; 'ம்' எந்த மொழி என்று யாரும் கேட்க முடியாது. நான் தமிழில் பேசப் பழக்கி வைத்திருந்த ஸ்பீக்கரை ஒரு நாள் டச்சுக்கு மாற்றிவிட்டாள். தமிழ்க் குரல் ரயில்வே அறிவிப்பு மாதிரி இருக்கிறதாம். சின்னமனூர் பெயரைக் கேட்டால் அங்கே வைஃபை எப்படி என்று மட்டும் விசாரிப்பாள். அவளுக்கும் என் ஊருக்கும் நடுவே ஒரு நூல்கூட மிஞ்சவில்லை என்று முரளியிடம் அடிக்கடி புலம்புவேன். "நீ அவகிட்ட எதைப் பத்திப் பேசுற? ஹோம்வொர்க், ஹீட்டர், செருப்பை ஒழுங்கா வை. எந்த மொழியில பேசினா என்ன?" என்பார் அவர். எனக்குச் சுருக்கென்றிருக்கும். ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

4

போன மே மாதம், ஒரு சனிக்கிழமை. எல்லாருக்கும் லீவு. இனியா மேல் அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைகளில் அவளை எழுப்பப் படையெடுத்துத்தான் போக வேண்டும். நான் காபி டம்ளரோடு திரைக்கு முன்னால் நின்றேன். இங்கே காலை என்றால் அங்கே நண்பகல் நெருங்கியிருக்கும்.

அடுப்பு அன்று எரியவே இல்லை.

முதலில் சென்சாரைத்தான் சந்தேகப்பட்டேன். என் மாதிரி ஆட்களுக்கு மனுஷனைவிடக் கருவி மேல் சந்தேகம் சீக்கிரம் வரும். பேட்டரி பார்த்தேன், நன்றாக இருந்தது. கரண்ட் போயிருக்குமோ என்று பார்த்தேன், வந்துகொண்டுதான் இருந்தது. டிவி போடவில்லை. மோட்டார் ஓடவில்லை. பிரிட்ஜ் கதவு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. அதில்தான் அவருடைய இன்சுலின் இருக்கிறது. வாசல் கதவு மட்டும் விடியற்காலையில் திறந்திருக்கிறது. திறந்த கதவை யாரும் சாத்தவே இல்லை.

போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. மறுபடியும் அடித்தேன். போன் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். வீட்டு வைஃபையில்தான் இருக்கிறது. போன் வீட்டுக்குள் இருக்கிறது, கதவு திறந்து கிடக்கிறது, அப்பா எடுக்கவில்லை.

காபி டம்ளரை எங்கே வைத்தேன் என்று இன்றைக்கும் ஞாபகம் இல்லை. அப்பா வாசலைத் திறந்துவிட்டுத் திரும்பும்போது கூடத்தில் மயங்கி விழுந்திருக்கிறார் என்று மனம் படம் போட்டுவிட்டது. கேமரா கூடாது என்று அவர் சொன்னபோது ஏன் கேட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். எதிர்வீட்டு கணேசன் அண்ணனுக்குப் போட்டேன். அவர்தான் எங்களுக்கு எப்போதும் ஆபத்பாந்தவன். அவர் நம்பர் பிஸி. திரும்பத் திரும்பப் போட்டும் பிஸி. வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை. பிறந்து வளர்ந்த தெருவில் எனக்குத் தெரிந்த நம்பர் அது ஒன்றுதான்.

முரளி வந்து தோளைப் பிடித்தார். "பாண்டிக்குச் சொல்லு," என்றார்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். மொத தடவை ஏதாவது ஆச்சுன்னா என்று அண்ணன் சொன்னது காதிலேயே நின்றது. அப்பா நன்றாக இருந்து, இது என் கருவிகளின் குழப்பமாகவே இருந்தாலும், அண்ணன் விடமாட்டான். அவரை ஒன்பதாவது மாடிக்கு ஏற்றிவிடுவான். சொல்லாமல் விட்டு, அவர் உள்ளே கிடந்தால்? கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அண்ணனுக்குப் போட்டேன்.

நான் சொல்லி முடிப்பதற்குள் வண்டிச் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது. "கிளம்புறேன்," என்றான். நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

5

அதன் பிறகு போன நேரம் எப்படிப் போனது என்று எழுத முடியவில்லை. அப்பாவுக்குப் போட்டேன், கணேசன் அண்ணனுக்குப் போட்டேன், மறுபடியும் அப்பாவுக்குப் போட்டேன். முரளி இந்தியா போக டிக்கெட் பார்க்க ஆரம்பித்தார். அதைப் பார்த்ததும் நான் தரையில் உட்கார்ந்து அழுதேன். அம்மா போனபோது நான் போய்ச் சேர்வதற்குள் எடுத்துவிட்டார்கள். அதே மாதிரி ஒரு விமானப் பயணத்தை இன்னொரு முறை என்னால் செய்ய முடியாது என்று சத்தம் போட்டுச் சொன்னேன்.

அந்தச் சத்தத்தில்தான் இனியா எழுந்து வந்தாள். தலை கலைந்து, ஒரு காலில் மட்டும் சாக்ஸ். என்ன ஆயிற்று என்று டச்சில் கேட்டாள்.

"தாத்தா போனை எடுக்கல," என்றார் முரளி. "காலையில இருந்து வீட்டுல ஒரு அசைவும் இல்ல."

இனியா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஓ," என்றாள். மாடிக்கு ஓடினாள். தன் போனை எடுத்து, படி இறங்கும்போதே அதைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டு வந்தாள். மேசையில் வைத்து ஓடவிட்டாள். அப்பாவின் குரல் சமையலறை முழுவதும் கேட்டது.

"ஏ கண்ணு இனியா, தாத்தா பேசுறேன். இன்னைக்கு நமக்குக் கதை கெடையாது. எதுத்த வீட்டு வீராச்சாமி பாட்டையா வெள்ளனயே போய்ட்டாக. நல்ல சாவு, தூக்கத்துலயே போய்ட்டாக. நான் அங்கன போறேன். துட்டி வீட்டுல போனு கத்திக்கிட்டுக் கெடந்தா நல்லாருக்காது, அதனால இங்கனயே வச்சிட்டுப் போறேன். ஊசி போட்டாச்சு, அடுத்த தெருக் கடையில பன்னு வாங்கித் தின்னாச்சு. ஒங்கம்மா எந்திரிச்சா சொல்லிரு. அவளுக்கு இப்பவே அனுப்புனா டிங்கு டிங்குன்னு அடிச்சு எந்திரிச்சிருவா, தூங்கட்டும். வச்சிரட்டா?"

ஊசியை வெளியே எடுக்க பிரிட்ஜ் திறந்திருக்க வேண்டுமே என்று அந்த நிலையிலும் எனக்குள் இருந்த கிறுக்கு கேட்டது. பிறகு தெரிந்தது, அன்றாடம் போட்டுக்கொள்ளும் இன்சுலின் பேனாவை அவர் பிரிட்ஜுக்கு வெளியேதான் வைத்திருப்பாராம். அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

எந்தக் கருவியும் பொய் சொல்லவில்லை. ஊரில் தெருவில் ஒருவர் இறந்து கிடந்தால், எடுக்கிற வரைக்கும் அந்தத் தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்ட மாட்டார்கள். டிவி போட மாட்டார்கள். பிள்ளைகளுக்கும் நோயாளிகளுக்கும் அடுத்த தெருவிலிருந்து இட்லியோ பன்னோ வரும். நாற்காலி, குடம், பாய் என்று எடுக்க ஆட்கள் வந்து போவதால் பக்கத்து வீடுகளின் கதவைச் சாத்தவும் மாட்டார்கள். கணேசன் அண்ணன் இறந்தவரின் மகன். அன்றைக்கு அவர் நம்பர் பிஸியாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? இதெல்லாம் எனக்குத் தெரியாததா? அந்தத் தெருவில் பசியோடு உட்கார்ந்து, எப்போது எடுப்பார்கள் என்று எத்தனை முறை எட்டிப் பார்த்திருக்கிறேன்! ஒன்பது மணிக்குள் அடுப்பு எரியாவிட்டால் திரையில் எச்சரிக்கை காட்டு என்று அந்த வீட்டுக்கு விதி எழுதியவள் நான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எவ்வளவு உண்மை.

நான் அழுதுகொண்டே சிரித்தேன். சிரித்துக்கொண்டே இன்னும் அழுதேன். எதிர்வீட்டில் ஒருவர் இறந்த செய்தியைக் கேட்டு இப்படி மகிழ்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வீராச்சாமி தாத்தா தொண்ணூறைத் தாண்டி, பேரன் பேத்திகளுக்குப் பிள்ளை பிறந்ததைப் பார்த்துவிட்டுப் போனவர். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "கதையா? என்ன கதை?" என்று இனியாவைக் கேட்டேன்.

அவள் கொஞ்சம் கூச்சத்தோடு போனைக் காட்டினாள். தினமும் ஒன்று. மண்டிக் கதை, மேகமலைப் பாதையில் யானை மறித்த கதை, வைகை அணைக்குப் போன சுற்றுலாவில் என் அம்மாவைத் தொலைத்துவிட்டுத் தேடிய கதை. பதிலுக்கு இவளும் அனுப்பியிருக்கிறாள். ஒன்றைப் போட்டுக் கேட்டேன். "தாத்தா, யானை அப்பறம் போய்ட்டாகளா?" என்று என் மகள் யானைக்கு மரியாதை கொடுத்து சின்னமனூர்த் தமிழில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏன் என்கிட்ட சொல்லவே இல்ல?"

"நீ கேக்கல," என்றாள், தமிழில்.

6

அண்ணனுக்குச் சொல்வதற்குள் அவன் ஒட்டன்சத்திரம் தாண்டியிருந்தான். நான் விஷயத்தைச் சொன்னதும் வண்டியை ஓரங்கட்டினான். லாரிச் சத்தத்துக்கு நடுவே அவன் குரல் கரகரத்தது. அவனும் அழுதிருக்கிறான். பாதி வழி வந்தாகிவிட்டது, போய்ப் பார்த்துவிட்டே வருகிறேன் என்றான். குரலைத் தேற்றிக்கொண்டதும், "இது ஒரு பாடம். இன்னைக்கு இல்லேன்னா இன்னொரு நாள் நெசமாவே நடக்கும். நான் கூட்டிட்டுத்தான் வரப்போறேன்," என்றான்.

"சரிண்ணே," என்றேன். நிபந்தனை நிபந்தனைதானே.

அங்கே சாயங்காலம் நெருங்கும்போது நானும் முரளியும் திரைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். திடீரென்று மோட்டார் ஓடியது. வாசல் கழுவுகிறார்கள். தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கியது, குளிக்கிறார்கள். பிறகு அடுப்பு மெல்லச் சூடேறியது. எடுத்தாகிவிட்டது என்று முரளி சொன்னார். அந்த ஊர்க்காரரே இல்லை அவர், பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். இருந்தாலும் எழுந்து போய் எங்கள் அடுப்பிலும் உலை வைத்தார்.

அண்ணன் அன்று ராத்திரி கூப்பிடவில்லை. மறுநாள் காலையில்தான் கூப்பிட்டான். நான் பயந்துகொண்டே, "அப்பாவைக் கெளப்பிட்டியா?" என்று கேட்டேன்.

"எங்கிட்டுக் கெளப்புறது?" என்றான். கோயமுத்தூர்ப் பேச்சு ஒரே நாளில் அவன் நாக்கை விட்டுப் போயிருந்தது. "நான் வண்டிய விட்டு எறங்குறேன், அப்பா நேரா வந்து கையில ஒரு மாலையக் குடுத்து, 'ஏலே, முழிக்காம போய்ப் போடு'ங்குறாரு. தெருவே என்னையப் பாக்குது. சேதி கேட்ட ஒடனே கோயமுத்தூர்ல இருந்து ஓடியாந்திருக்கான் பாரு, இவன்ல பிள்ளைன்னு ஆளாளுக்குச் சொல்றாக. கணேசன் அண்ணன் கட்டிப்பிடிச்சு அழுதாக. நான் எதுக்கு வந்தேன்னு யாருகிட்ட சொல்ல?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனுக்கும்தான்.

"அதில்ல," என்று நிறுத்தினான். "பந்தல்காரன் அப்பாகிட்டதான் கேக்குறான். யார் யாருக்குச் சொல்லியாச்சு, யாரு வரணும், எப்ப எடுக்கணும், எல்லாம் அப்பாதான். கொஞ்ச நேரம் அவர் கண்ணுல படலேன்னா நாலு பேரு மாமா எங்க, சித்தப்பா எங்கன்னு தேடுறாக. மல்லிகா மதினி, மாமனார் செத்துக் கெடக்குறப்பவும், எங்க அப்பா பன்னு தின்னாரான்னு கேட்டு ஆளனுப்பியிருக்காக. என் அப்பார்ட்மென்ட்ல எதுத்த வீட்டுக்காரரு பேரு எனக்கே தெரியாது. அங்கன கொண்டு போய் இவரை எதுக்கு வச்சிருக்க? இங்கனயே இருக்கட்டும்."

அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவனுக்கு என்ன வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருந்தேன். மல்லிகா மதினி, கணேசன் அண்ணனின் மனைவி. அவர் நம்பரை அன்றைக்கே வாங்கிப் பதிந்துகொண்டேன்.

7

அப்பா பேசியது அதற்கும் மறுநாள். "ஏத்தா, நான் செத்துப்போய்ட்டேன்னா நெனச்ச?" என்று ஆரம்பித்துச் சிரிசிரி என்று சிரித்தார். நான் கோபப்பட்டேன். இனிமேல் துட்டிக்குப் போனால் அழுத்துவதற்கு வாசலில் ஒரு பொத்தான் வைத்துத் தருகிறேன் என்றேன்.

"சாவுக்கு ஒரு சுவிட்சா? போடி இவளே. போனைச் சத்தமில்லாம வச்சு மடியில சொருகிக்கிறேன், போதும்," என்றார். பிறகு தொண்டையைச் செருமினார். அப்பா தொண்டையைச் செருமினால் ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"நான் ஒண்ணு கேக்குறேன். நான் எந்திரிச்சனா, தின்னனா, குளிச்சனான்னு ஒனக்கு அங்கனயே தெரிஞ்சிருது. நீ எந்திரிச்சியான்னு நான் எதை வச்சுப் பாக்க? பனியில வழுக்கிக் கெடந்தா எனக்கு யாரு சொல்லுவா? எம்பக்கமும் ஒரு பொட்டிய மாட்டு."

இத்தனை வருஷத்தில் இது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை என்று நினைத்தேன். பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த இனியா அந்த வேலையைத் தனக்கு வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டாள். எங்கள் தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலில் ஒரு பிளக், அப்பா வீட்டு டிவி மேசையில் ஒரு மஞ்சள் விளக்கு. இங்கே காலையில் கெட்டிலைத் தட்டினால் அங்கே விளக்கு எரியும், ராத்திரி தானாக அணைந்துவிடும். அண்ணன் போய் மாட்டிக்கொடுத்தான். நான் எழுதிய நிரல்களைவிட அவளுடையது சுத்தமாக இருந்தது. இதுவரை ஒருமுறைகூட முரளியை இருட்டில் நிறுத்தவில்லை.

விளக்கு வந்த பிறகு அப்பா என்னிடம் கேட்கும் கேள்விகள் மாறிவிட்டன. "என்ன இன்னைக்கு வெள்ளனயே எரிஞ்சிருச்சு? தூங்கலையா?" என்பார். நானும் மோட்டாரைப் பற்றிக் கேட்பதைக் குறைத்துக்கொண்டேன்.

8

இந்த ஜனவரியில் எனக்கு நல்ல காய்ச்சல். முரளி வேலை விஷயமாக ஜெர்மனி போயிருந்தார். இனியா பள்ளிச் சுற்றுலாவில் இருந்தாள். ஆபீசுக்கு முந்தின நாளே லீவு சொல்லிவிட்டு, மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தவள், வெளியே நன்றாக வெளிச்சம் வந்த பிறகும் எழவில்லை. போன் சத்தத்தில்தான் விழித்தேன். அதற்கு முன்பே அது பலமுறை அடித்து ஓய்ந்திருந்தது.

"ஆத்தா," என்றார் அப்பா. அந்த ஏலக் குரல் இல்லை. நான் அதுவரை கேட்டிராத ஒரு குரல். "வெளக்கு எரியலத்தா."

"காய்ச்சல்ப்பா. தூங்கிட்டேன். ஒண்ணும் இல்ல."

அவருக்குப் பின்னால் நிறையப் பேருடைய சத்தம். "என்னவாம் மாமா? எடுத்துருச்சா? நல்லா இருக்காமா?" என்று மல்லிகா மதினி கேட்பது தெளிவாகக் காதில் விழுந்தது. பாண்டிக்குப் போட்டுச் சொல்லவா என்று கணேசன் அண்ணன் கேட்டார். கூடத்தில் தெருவே நின்றிருக்கிறது என்று புரிந்தது.

போர்வையைச் சுற்றிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினேன். கெட்டிலில் தண்ணீர் பிடித்துத் தட்டினேன். போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"எரிஞ்சிருச்சு!" என்று யாரோ கத்தினார்கள். "மாமா, இந்தா எரிஞ்சிருச்சு பாருங்க!"

அப்பா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு என்னிடம் இல்லை, அங்கே நின்றவர்களிடம் சொன்னார்.

"ஒண்ணுமில்லப்பா, எம்மக எந்திரிச்சிட்டா. போங்க, இனிமேயாச்சும் போய் ஒலை வைங்க."